குச்சிக்கிழங்குக்கு ஒரு சமன்பாடு

வெள்ளிக்கிழமை காலையில் சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சி போகும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்துவிட்டால், கைபேசியைத் திறந்து ஒரு மின்னஞ்சலைப் படிப்பேன். கணித உயிரியல் என்ற துறையில் எங்கே என்ன ஆராய்ச்சி நடக்கிறது, யாருக்கு என்ன வேலை காலியாக இருக்கிறது, எந்த ஊரில் என்ன கருத்தரங்கு என்று திரட்டி வாரம் ஒருமுறை அனுப்புகிற மடல் அது. கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்துகிற எனக்கு அதில் ஒரு ஜோலியும் இல்லை. ஒரு முறை மாணவிகளுக்குக் காட்டுவதற்காக வரிக்குதிரையின் வரிகளைப் பற்றி இணையத்தில் தேடப்போய், ஏதோ ஒரு பக்கத்தில் என் முகவரியைக் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து வந்துகொண்டிருந்தது. நிறுத்த மனம் வரவில்லை.

மற்றவர்கள் சினிமாச் செய்தி படிப்பதைப் போல அதை நான் படித்தேன். ஆயிரக்கணக்கான மீன்கள் ஒரே நொடியில் எப்படித் திரும்புகின்றன என்று கணக்குப் போட்டுச் சொல்ல ஏதோ ஒரு குளிர்தேசத்தில் ஆள் தேடுவார்கள். இன்னொரு ஊரில், ஆறுகிற புண்ணின் மேல் தோல் எந்த வேகத்தில் மூடுகிறது என்பதற்கு ஒரு சமன்பாடு வேண்டும் என்பார்கள். வேறொருவருக்கு இதயத்தின் தாளம் தப்புவது பற்றிக் கவலை. படித்துவிட்டு நிமிர்ந்தால் ஜன்னலுக்கு வெளியே கரும்புக் கொல்லைகளுக்கு மேல் கொக்குகள் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும். முதல் கொக்கு யார் சொல்லி முதலில் போகிறது என்று கல்லூரி வரும்வரை யோசித்துக்கொண்டு போவேன்.

என் கணவர் வீட்டை ஒட்டி மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். சாப்பிடும்போது இந்தச் செய்திகளை அவரிடம் சொல்வேன்.

"உசுருக்கு இன்னாம்மா கணக்கு? பொறக்குது, வளருது, பூடுது" என்றார் ஒரு நாள்.

"வளருதுன்னு சொன்னீங்களே, எவ்ளோ வேகமா வளருது, ஏன் ஒரு எடத்துல நிக்குதுன்னு கேட்டா அதான் கணக்கு."

"கேட்டு?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னார்.

அந்த மடலின் கடைசிப் பகுதி எப்போதும் 'வாய்ப்புகள்'. அதைப் படிக்கும்போது மட்டும் மனம் சற்றுச் சுருங்கும். முனைவர் பட்டம் பெற்று இத்தனை வருடத்துக்குள், இத்தனை கட்டுரை வெளியிட்டவர், இன்ன மென்பொருள் தெரிந்தவர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசல் இருக்கும். நான் எம்.ஃபில்லோடு நின்றவள். கல்யாணம், வேலை, வீடு என்று ஒவ்வொன்றும் அதனதன் நேரத்தில் வந்தன. முனைவர் பட்டத்துக்கு மட்டும் நேரம் வரவில்லை. அதில் யார் மீதும் வருத்தமில்லை. ஆனாலும் நகைக்கடை ஜன்னலில் நின்று பார்க்கிறவள் போல அந்தப் பகுதியை ஒரு வரி விடாமல் படித்துவிடுவேன்.

ஓர் ஆடி மாதம், அந்தப் பகுதியில் எனக்கும் திறந்திருக்கிற ஒரு வாசலைப் பார்த்தேன். பயிர்களுக்கு வரும் நோய்களைக் கணக்கின் மூலம் புரிந்துகொள்ள பெங்களூரில் ஒரு வாரப் பயிலரங்கு. கல்லூரி ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம், என்ன பட்டம் என்பது பொருட்டல்ல என்று போட்டிருந்தது. 'உங்கள் ஊரில் நீங்களே கண்ணால் பார்த்த ஒரு கேள்வியை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள்' என்பது மட்டும்தான் நிபந்தனை. திரும்பத் திரும்பப் படித்ததில் கல்லூரி நிறுத்தம் போய்விட்டது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வெயிலில் திரும்பி நடந்தேன். கண்ணால் பார்த்த கேள்வி என்று ஒன்று என்னிடம் இருக்கிறதா என்பதே நடை முழுவதும் என் கேள்வியாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நைனார்பாளையத்துக்குப் போனோம். அங்கே என் கணவரின் தம்பி விவசாயம் பார்க்கிறார். அவரைத் தேடிக் கொல்லைக்கே போய்விட்டேன். இடுப்பு உயரத்துக்கு மேல் மரவள்ளி நின்றது. எங்கள் பக்கத்தில் அதைக் குச்சிக்கிழங்கு என்பார்கள். குச்சியை வெட்டி நட்டால் முளைக்கிறது, அடியில் கிழங்கு விடுகிறது. அந்தக் கிழங்குதான் லாரி லாரியாக ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. அந்தக் கொல்லையின் மேற்கு ஓரம் முழுக்க இலைகள் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாக, கசக்கிப் போட்ட காகிதம் போலச் சுருங்கியிருந்தன. கிழக்குப் பக்கம் பச்சென்று இருந்தது.

"இன்னா தம்பி, இந்தப் பக்கம் மட்டும் இப்பிடி ஆயிருக்கு?"

"அதாங்க அண்ணி எனக்கும் புரியல. தேமல் நோவு. மலக்குச்சி சுத்தமா இருக்கும்னுதான் அம்மாந்தூரம் கல்வராயன்மல போயி வாங்கியாந்து நட்டேன். மொளைக்கும்போதே சுருங்கனதப் புடுங்கிட்டேன், மத்ததெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் மேற்கால இருந்து வந்துகினே இருக்குது."

"மேற்கால யாரு கொல்லை?"

"பக்கத்துக்காரருது. அவருக்குப் போன வருசமே பூடுச்சு."

அவர் ஒரு செடியைப் பிடித்து உலுக்கினார். இலைகளின் அடியிலிருந்து மாவு பறப்பதுபோல் வெள்ளைப் பூச்சிகள் கிளம்பி, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி இலைக்கு அடியிலேயே போய் உட்கார்ந்தன. வெள்ளை ஈ. நோயை ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குச் சுமந்து போவது அதுதான்.

நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். இத்தனை வருடம் கரும்பலகையில் நான் வரைந்து காட்டிய ஓர் அலை, மேற்கிலிருந்து கிழக்காக, என் கண் எதிரே ஒரு கொல்லைக்குள் நகர்ந்துகொண்டிருந்தது. அது எந்த வேகத்தில் வருகிறது? எங்கே நிற்கும்? மலையில் குச்சி சுத்தம் என்கிறார்களே, அங்கே இந்த அலை ஏன் போகவில்லை?

"அண்ணி, வெயில்ல நிக்காதீங்க. வூட்டுக்கு வாங்க" என்று கொழுந்தனார் கூப்பிட்ட பிறகுதான் அங்கிருந்து நகர்ந்தேன்.

மலையைப் பார்க்காமல் கேள்வியை எழுத முடியாது என்று தோன்றியது. எங்கள் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிற தோழி ஒருவர் இருக்கிறார். திருக்கோவிலூர்க்காரர், என்னைவிடச் சற்று மூத்தவர், கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ ஒரு லென்ஸ் இருக்கும். விஷயத்தைச் சொன்னதும், "எப்ப போலாம் மேடம்?" என்று மட்டும் கேட்டார்.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, வளைவுகளில் பஸ் திணறி ஏறி வெள்ளிமலையில் எங்களை இறக்கிவிட்டது. காற்றில் ஈரமும் குளிரும் இருந்தன. கொழுந்தனாருக்குக் குச்சி கொடுத்த தம்பதியின் கொல்லைக்கு அங்கிருந்து நடந்தே போனோம். வழியெல்லாம் சாமை விளைந்து கிடந்தது. அந்தத் தம்பதிக்கு ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும். மனைவி நன்றாகப் பேசுகிறவர். கணவர் கேட்டால் மட்டும் பேசுகிறவர்.

கொல்லைக்குள் நுழைந்ததும் எனக்குக் குழப்பமாகிவிட்டது. சுத்தம் என்று சொன்ன மலையிலும் தேமல் இருந்தது. ஆனால் ஓரமாக இல்லை. இங்கே ஒன்று, நாலு செடி தள்ளி ஒன்று, அப்புறம் பத்துப் பச்சைச் செடி, மறுபடி ஒன்று என்று, யாரோ கண்ணை மூடிக்கொண்டு வாரி இறைத்த மாதிரி சிதறிக் கிடந்தது. அலை எதுவும் இல்லை.

தோழி ஒவ்வொரு இலையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஈயே இல்லையே மேடம். தேடினாத்தான் ஒண்ணு ரெண்டு கெடைக்குது."

"ஈ இல்லாம எப்பிடி வந்துச்சு?"

அவர் ஒரு நோய்ச் செடியின் அடியில் குந்தினார். கீழே இருந்த மூத்த இலைகளைக் காட்டினார். அவையும் சுருங்கியிருந்தன. "பாருங்க, இது மொத இலையிலேர்ந்தே நோவோட வந்துருக்கு. உங்க கொழுந்தனார் கொல்லையில எப்பிடி இருந்துச்சு?"

நினைவுபடுத்திப் பார்த்தேன். அங்கே கீழ் இலைகள் நன்றாக இருந்தன. மேலே துளிர்த்தவைதான் சுருங்கியிருந்தன.

"அதான். அது நல்லா மொளைச்ச செடி, பொறவு ஈ வந்து கடிச்சுருக்கு. கடிச்சதுக்கு அப்புறம் வந்த இலையில மட்டும் தேமல் தெரியும். இது குச்சியிலயே இருந்த நோவு. நடும்போதே நோவத்தான் நட்டிருக்காங்க."

ஒரே நோய், வந்த வழி வேறு. கீழே ஈ கொண்டுவருகிறது. இங்கே மனிதரின் கை கொண்டுவருகிறது. எனக்குள் ஏதோ பரபரவென்று வந்தது. ஆனால் அந்த வீட்டுக்கார அம்மாவின் முகம் மாறிவிட்டதைக் கவனித்தேன்.

"எங்க குச்சி கெட்டதுன்றீங்களா டீச்சர்? இத வாங்கிக்கினு போறவங்க கீழ எத்தினியோ பேர் இருக்காங்க. அவங்க காதுல இது வுழுந்தா?"

"கெட்டதுன்னு சொல்லலக்கா" என்றார் தோழி அவசரமாக. "முக்காவாசி நல்லாத்தான் இருக்கு. நோவு எப்பிடி வருதுன்னு தெரிஞ்சா போக்கடிக்கலாம்னுதான் வந்துருக்கோம்."

அந்த அம்மாவின் கணவர் சொன்னார்: "வருசா வருசம் இப்பிடித்தாங்க இருக்குது. கூடறதும் இல்ல. கொறையறதும் இல்ல."

பஸ்ஸில் மலை இறங்கி வரும்போது என் காதில் அந்த வாக்கியமே ஓடிக்கொண்டிருந்தது. கூடாமலும் குறையாமலும் ஒன்று நிற்கிறது என்றால், அதைக் கூட்டுகிறது ஏதோ ஒன்று, குறைக்கிறது ஏதோ ஒன்று, இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டி நிற்கின்றன என்று அர்த்தம். கணக்கு தெரிந்தவர்களுக்கு இப்படி ஒரு செய்தி கிடைப்பது, பூட்டோடு சாவியும் சேர்ந்து கிடைத்த மாதிரி. அன்றே எழுதி அனுப்பினேன். ஒரு நோய், இரண்டு பாதை, இரண்டு கொல்லை. எதை நிறுத்தினால் நோய் தானாக அடங்கும்?

இடம் கிடைத்துவிட்டது என்று பதில் வந்தபோது துறை அறையில் தனியாக இருந்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. தாவரவியல் துறைக்கு ஓடினேன். தோழி வகுப்பில் இருந்தார். கதவுக்கு வெளியே நின்று கைபேசியைத் தூக்கிக் காட்டினேன். அவர் மாணவிகளை மறந்து கைதட்டிவிட்டார்.

விடுப்பு கேட்கப் போனபோது முதல்வர் நிதானமாக விண்ணப்பத்தைப் படித்தார்.

"கிழங்குக்குக் கணக்கா? ஆராய்ச்சின்னு எறங்கறதுன்னா கிராஃப் தியரி பண்ணுங்களேன் மேடம். சீக்கிரம் பேப்பர் வந்துடும்."

"சார், இது எங்க கொழுந்தனார் கொல்லை சார்."

அவர் ஏன் சிரித்தார் என்று தெரியவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மார்கழியில் சின்னசேலத்தில் ரயில் ஏறி, சேலத்தில் மாறி, பெங்களூர் போய்ச் சேர்ந்தேன். தனியாக அவ்வளவு தூரம் போனது அதுதான் முதல் தடவை. பயிலரங்கில் என்னோடு உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் என்னைவிட இளையவர்கள். தேனீக்களைப் பற்றி ஆராய்கிற ஒரு பெண், ஏரி மீன்களைப் பற்றி ஆராய்கிற ஒருவர், நெற்பயிரின் குலைநோயோடு மல்லுக்கட்டுகிற இருவர். நான் இத்தனை நாளும் மடலில் செய்தியாகப் படித்தவர்கள் இப்போது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பிஸ்கட்டை டீயில் தோய்த்துத் தின்றார்கள். அதை நம்புவதற்கே முதல் நாள் போய்விட்டது.

பயிலரங்கை நடத்திய விஞ்ஞானி ஓர் அம்மையார். அவரவர் கேள்விக்கு அவரவரே சமன்பாடு எழுத வேண்டும் என்றார். நான் தைரியமாகவே எழுதினேன். வகைக்கெழுச் சமன்பாடு பதினைந்து வருடமாக நான் நடத்துகிற பாடமாயிற்றே. நல்ல செடி இத்தனை, நோய்ச் செடி இத்தனை, ஈ இத்தனை, ஒவ்வொன்றும் மாறும் வேகம் இவ்வளவு. கணினியில் ஓட்டினேன். மலைக்கொல்லையில் நோய் மெல்ல மெல்ல ஏறி, கடைசியில் ஒரு நல்ல செடிகூட மிஞ்சவில்லை. எண்களை மாற்றிப் பார்த்தேன். அப்போதும் அதேதான். வேகம் குறைந்ததே ஒழிய முடிவு மாறவில்லை. மலைக்காரர் சொன்ன 'கூடறதும் இல்ல, கொறையறதும் இல்ல' எங்கும் வரவில்லை.

எல்லோர் முன்னாலும் அதைக் காட்ட வேண்டிய முறை வந்தது. படத்தைத் திரையில் போட்டு, என் கணக்கு தப்பாக வருகிறது, எங்கே தப்பு என்று தெரியவில்லை என்று சொன்னேன். ஏரி மீன்களை ஆராய்கிறவர் கையைத் தூக்கினார்.

"உங்கள் கணக்கில் கிழங்கை யார் பிடுங்குகிறார்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் திரையைப் பார்த்தேன். யாரும் பிடுங்கவில்லை. என் கொல்லையில் செடிகள் வருடக்கணக்காக, அறுவடையே இல்லாமல், காடு போல நின்றுகொண்டிருந்தன. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். அந்த அம்மையார் சிரித்துக்கொண்டே வந்து என் பக்கத்தில் நின்றார். "ஆறு ஓடுவதற்கு எழுதுகிற கணக்கைக் கொல்லைக்கு எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கொல்லை ஒவ்வொரு வருடமும் முடிந்து, மறுபடி தொடங்குகிறது. அந்த இடைவெளியில் என்ன நடக்கிறது?"

இடைவெளியில் நடப்பது குச்சி பொறுக்குவது. பிடுங்கிய செடிகளிலிருந்து தடித்த தண்டுகளை எடுத்து நிழலில் நிறுத்திவைத்து, மழை வந்ததும் வெட்டி நடுகிறார்கள். நோய் அந்தச் சந்தில்தான் ஒரு வருடத்திலிருந்து மறு வருடத்துக்குத் தாவுகிறது. எழுதியதை எல்லாம் அழித்தேன். இந்த வருடம் நூற்றுக்கு இவ்வளவு நோய் என்றால் அடுத்த வருடம் எவ்வளவு என்று படி ஏறுவதுபோல் எழுதினேன். மெலிந்த நோய்த்தண்டுகள் சில முளைக்காமலே போகும். அது நோயைக் கொஞ்சம் குறைக்கிறது. ஒன்றிரண்டு ஈ வந்து கொஞ்சம் கூட்டுகிறது. இரண்டும் சரிக்கட்ட, கோடு மட்டமாக நின்றது. மலைக்காரர் சொன்ன அதே கோடு. நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன்.

அதற்கப்புறம் கணக்கு சொன்ன இரண்டு விஷயங்கள் முக்கியமானவை. மலையில் நல்ல செடியிலிருந்து மட்டும் குச்சி எடுத்தால், மருந்தே இல்லாமல் நோய் வருடத்துக்கு வருடம் இறங்கிவிடும். கீழே எங்கள் கொழுந்தனார் கொல்லையில் எவ்வளவு சுத்தமான குச்சியை நட்டாலும், பக்கத்துக் கொல்லை ஈ இருக்கும்வரை பயனில்லை. இரண்டாவதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று ரயிலில் யோசித்துக்கொண்டு வந்தேன். சொன்னபோது, "அதத்தான் அண்ணி நான் காசு செலவு பண்ணிக் கண்டுபுடிச்சேன்" என்றார். ஆனாலும் மேற்குக் கொல்லைக்காரரோடு சேர்ந்து ஒரே சமயத்தில் நடுவது பற்றிப் பேசிப் பார்ப்பதாகச் சொன்னார்.

மாசியில் மலையில் கிழங்கு பிடுங்குகிறார்கள் என்று தெரிந்து, தோழியும் நானும் உற்சாகமாகக் கிளம்பிப் போனோம். நல்ல செடி எது, நோய்ச் செடி எது என்று பிரித்துக் குச்சி எடுத்துக்கொடுத்துவிட வேண்டும் என்பது திட்டம். கொல்லையில் போய் நின்றால், வெறும் தண்டுகள். வெயில் காலத்தில் இலை முழுக்க உதிர்ந்துபோயிருந்தது. எல்லாத் தண்டும் ஒரே மாதிரி, பழுப்பு நிறத்தில், கைத்தடிகளை நட்டுவைத்த மாதிரி நின்றன.

தோழி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"மேடம், உங்க கணக்குல இல உதிர்றது இருக்கா?"

"இல்லை."

"என் பாடத்துல இருக்கு. ஆனா எனக்கும் தோணலயே!"

வீட்டுக்கார அம்மா எங்களுக்குச் சாமைக் கஞ்சி கொடுத்தார். சாப்பிட்டுக்கொண்டே மூவரும் யோசித்தோம். இலை இருக்கும்போதே நல்ல செடிக்கு அடையாளம் போட்டுவைத்தால்தான் உண்டு. அதற்கு இன்னொரு மழைக்காலம் வரவேண்டும்.

"வரட்டுமே. நாங்க எங்க போயிடப் போறோம்?" என்றார் அந்த அம்மா.

ஐப்பசியில் போனோம். சின்னசேலத்தில் ஒரு தையற்கடையில் வெட்டிக் கழித்த சிவப்புத் துணியை ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டு போயிருந்தேன். மூன்று பேரும் வரிசை வரிசையாக நடந்து, அடி இலையிலிருந்து நுனி வரை பார்த்து, சுத்தமாக இருந்த செடிகளுக்கு மட்டும் ஒரு கிழிசலைக் கட்டினோம். பொழுது சாயும்போது கொல்லை திருவிழாப் பந்தல் மாதிரி இருந்தது.

சில வாரம் கழித்து அந்த அம்மா போன் பண்ணினார். குரலில் சிரிப்பும் சங்கடமும் கலந்திருந்தன.

"டீச்சர், ஒரு கூத்தாயிடுச்சு. நீங்க கட்டுன துணியப் பாத்துட்டு, வேண்டுதல்னு நெனச்சுக்கினு, பக்கத்துல இருக்கறவங்கள்லாம் வந்து கட்டிட்டுப் போயிட்டாங்க."

"எந்தச் செடிக்கு?"

"நோவு வந்ததுக்குத்தான். நல்லா இருக்கறதுக்கு எதுக்குக் கட்டப்போறாங்க? பாவம், எங்க செடிக்கு நல்லாகணும்னுதான் கட்டியிருக்காங்க. அவுக்கவும் மனசு வரல."

போனைக் கையில் வைத்துக்கொண்டு நான் சிரித்த சிரிப்பில் என் கணவர் கடையிலிருந்து எழுந்து வந்துவிட்டார். பயிலரங்கில் யாரும் சொல்லித்தராத பிழை இது. எந்தச் சமன்பாட்டிலும் அதற்கு ஓர் எழுத்து கிடையாது.

இலைகள் இன்னும் உதிரவில்லை. மறுபடி மலையேறினோம். அக்கம்பக்கத்து வீடுகளுக்கு அந்த அம்மாவே எங்களை அழைத்துப் போனார். விஷயத்தைச் சொன்னதும், துணி கட்டியவர்களில் ஒருவர், "அப்ப எங்களுது அவுத்துட்டா சாமி கோச்சுக்காதா?" என்று கேட்டார். வீட்டுக்கார அம்மாதான் சமாளித்தார்: "வேண்டுனது பலிக்கறதுக்குத்தான இந்த டீச்சரே வந்திருக்காங்க." துணிகளை அப்படியே விட்டுவிட்டு, நல்ல செடிகளின் அடித்தண்டில் வெள்ளைப் பெயின்ட் தடவினோம். அன்று எங்களோடு பெயின்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வரிசைக்கு வரிசை வந்தவர்கள், துணி கட்டிய அதே பக்கத்து வீட்டுப் பெண்கள்தான்.

மாசியில் பெயின்ட் இருந்த தண்டுகள் தனியாக நிழலில் நின்றன. கோடை மழைக்குப் பிறகு நட்டார்கள்.

அடுத்த ஆவணியில் நாங்கள் போனபோது அந்த அம்மா வழியிலேயே எங்களை எதிர்கொண்டார். வேகமாக முன்னால் நடந்தார். கொல்லை மேட்டில் ஏறி நின்று கையைக் காட்டினார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பச்சை. தேடித் தேடிப் பார்த்தால் எங்கோ ஒன்றிரண்டு சுருங்கியிருந்தன. கணக்கில் இறங்கிய கோட்டைத் திரையில் பார்த்திருக்கிறேன். அதன்மேல் காற்று அடித்து இலைகள் அசைவதை இப்போதுதான் பார்க்கிறேன். தோழி என் தோளில் கைவைத்து அழுத்தினார். அந்த அம்மாவின் கணவர், வழக்கமாக யாரும் கேட்காமல் பேசாதவர், தானாகவே, "கொறஞ்சிருச்சுங்க" என்றார்.

பெங்களூர் அம்மையாரிடம் படத்தோடு சொன்னேன். இதைச் சேர்ந்து ஒரு கட்டுரையாக எழுதலாம் என்றார். எழுதினோம், அனுப்பினோம், நிறையக் கேள்விகளோடு திரும்பி வந்தது. வேண்டுதல் துணி பற்றிய பத்தியை எடுத்துவிடச் சொன்னார்கள். நாங்கள் எடுக்கவில்லை. இன்னும் அவர்களோடு எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஆனால் நான் சொல்ல வந்தது, அந்தப் பச்சையைப் பார்த்த அடுத்த மாதமே நடந்தது. புரட்டாசியில் போனபோது கொல்லையின் ஓடைப் பக்கத்து ஓரத்தில், ஒரு வரிசையில் மட்டும், புதிதாகத் தேமல் வந்திருந்தது. கீழ் இலைகள் சுத்தம். மேல் துளிர்கள்தான் சுருங்கியிருந்தன. அதாவது குச்சி நல்ல குச்சி. ஈ வந்து கடித்திருக்கிறது. குளிரும் காற்றுமான இந்த மேட்டுக்கு, இத்தனை வருடம் வராத ஈ எங்கிருந்து வந்தது?

"ஓடைக்கு அந்தாண்ட புதுசா கத்திரி போட்டுருக்காங்க" என்றார் அந்த அம்மா.

"கத்திரிக்கும் வெள்ளை ஈ வரும், அதுலேர்ந்து இருக்கலாம். கீழேர்ந்து காத்துல ஏறி வந்திருக்கலாம். பஸ்ல கீரக்கட்டோடகூட வந்திருக்கலாம்" என்றார் தோழி.

என் கணக்கில் மலைக்கு ஈ எப்போதும் கொஞ்சம்தான், அது மாறாது என்று வைத்திருந்தேன். அது மாறினால் எல்லாமே மாறும். எனக்குக் கவலையாக இருந்தது. அதைவிட ஆவலாக இருந்தது என்று சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. அது அவர்களுடைய சோறு. ஆனால் அந்த அம்மாவும் ஓடைக்கரையையும் கொல்லையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு அதே யோசனையில்தான் நின்றார்.

அடுத்த முறை பூச்சி ஒட்டும் மஞ்சள் அட்டைகளை வாங்கிப் போனோம். ஓடைக்கரையில் சில, மேட்டில் சில, பாதையோரத்தில் சில என்று கழிகளில் கட்டித் தொங்கவிட்டோம். இந்த முறை அந்த அம்மா முன்கூட்டியே வீடு வீடாகப் போய், இது வேண்டுதல் இல்லை என்று சொல்லிவைத்திருந்தார்.

"இதுல ஒட்டலன்னா இன்னா டீச்சர்?"

"ஒட்டலன்னா வேற வழியா வருதுன்னு அர்த்தம்க்கா."

"எந்த வழியா?"

"தெரியலக்கா."

"அப்ப இன்னும் கொஞ்சம் அட்டை வாங்கியாந்திருக்கலாம்" என்றார் அவர்.

டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தபோது ஓடைப்பக்கத்து அட்டை ஒன்றில் ஏதோ ஒட்டியிருந்தது. தோழி லென்ஸை எடுத்துக் குனிந்தார். வெள்ளை ஈ இல்லை. கறுப்பாக, ஈயைவிடச் சின்னதாக, ஊசிமுனை அளவில் ஏதோ ஒரு பூச்சி. லென்ஸை அந்த அம்மாவிடம் கொடுத்தார். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். நானும் பார்த்தேன்.

"இது இன்னாது?" என்று மூன்று பேரும் ஏறக்குறைய ஒன்றாகக் கேட்டோம்.